சினிமா விமர்சனத் தளம்: நம் கரையோரத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டி, ராமேஸ்வரம் என்று கரையோரம் முழுக்க இப்போது சினிமா விமர்சனம் எழுதும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து, சொந்தக் காசில், ஆசைக்காக நடத்தும் தளங்கள். வலைப்பூ காலத்தில் எழுத வந்தவர்கள் எங்கே இடறினார்களோ அதே இடத்தில்தான் இவர்களும் இடறுகிறார்கள். எழுத்துப் பிழை பாருங்கள், கதையின் முடிச்சை அவிழ்க்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது, விட்டுவிடலாம். படம் தியேட்டரை விட்டுப் போன பிறகும் தன் விமர்சனத்தை ஒருவர் தேடி வந்து படிக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு மட்டும் இது.

டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

டொமைன் என்பது உங்கள் தளத்தின் இணைய முகவரி. அது யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் ஆறாது. மற்ற தவறுகளைத் திருத்திக்கொள்ளலாம். இது வருடக்கணக்கான எழுத்தை ஒரே நாளில் கொண்டுபோய்விடும்.

கீழக்கரைப் பக்கம் நண்பர்கள் சிலர் நடத்திய தளம். வடிவமைத்துக் கொடுத்தவரே டொமைனையும் ஹோஸ்டிங்கையும் (தளத்தின் கோப்புகளை வைக்கும் சர்வர் இடம்) தன் கணக்கில், தன் மின்னஞ்சலில் வாங்கிக் கொடுத்தார். இவர்களிடம் இருந்தது கட்டுரை ஏற்றுவதற்கான கடவுச்சொல் மட்டும். அவருக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது, போய்விட்டார். ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் இல்லை. ப்ரீபெய்ட் எண் 90 நாள் பயன்பாடே இல்லாமல், இருப்பும் 20 ரூபாய்க்குக் கீழே கிடந்தால் துண்டித்துவிடுவார்கள். எண் போனதும் ஓடிபி வரும் வழியும் அடைபட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகள் யாரும் திறக்காத மின்னஞ்சலில் குவிந்தன. ஒருநாள் தளம் திறக்கவில்லை. சர்வர் கோளாறாக இருக்கும், தானாகச் சரியாகும் என்று காத்திருந்தார்கள். காத்திருந்த அந்த நாட்களில்தான் எல்லாம் கைவிட்டுப் போனது.

டாட் காம் முகவரி காலாவதியானால் நடப்பது இதுதான். முதலில் பதிவு நிறுவனம் தரும் சலுகைக் காலம். நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை இருக்கலாம், சிலர் ஒன்றுமே தருவதில்லை. வழக்கமான கட்டணத்தில் மீட்க முடிவது இந்தக் காலத்தில் மட்டும்தான். அடுத்து 30 நாள் மீட்புக் காலம்; இதில் அபராதம் பல ஆயிரம் ரூபாயைத் தொடும். பிறகு 5 நாள் நீக்கக் காலம், யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அது முடிந்த நொடியில் முகவரி சந்தைக்கு வந்துவிடும். காலாவதியான பெயர்களை வலை போட்டுப் பிடிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்த நண்பர்களின் பழைய விமர்சன இணைப்பைச் சொடுக்கினால் இன்று ரம்மி விளம்பரம் திறக்கிறது.

எரிச்சல் என்னவென்றால், இத்தனையும் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்ச் சுற்றில் முடிகிற விஷயம். செய்ய வேண்டியவை:

டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், நீங்களே வாங்குங்கள். வடிவமைப்பாளருக்கு வேலை செய்ய அனுமதி கொடுத்தால் போதும், உரிமை கொடுக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே அவர் கணக்கில் இருந்தால், அவர் ஊரில் இருக்கும்போதே டிரான்ஸ்ஃபர் கோடு (டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கேட்கும் ரகசியக் குறியீடு) வாங்கி மாற்றுங்கள். புதிதாக வாங்கிய அல்லது சமீபத்தில் மாற்றிய டொமைனை 60 நாள் வரை வேறு நிறுவனத்துக்கு நகர்த்த முடியாமல் பூட்டியிருக்கும் என்பதால் கடைசி வாரத்தில் ஆரம்பிக்கக் கூடாது.

கணக்கின் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் போனால் அந்த மின்னஞ்சலும் சேர்ந்து போய்விடும். மீட்கச் சொல்லி வரும் கடிதம் உங்களுக்கு வந்தே சேராது.

'ஆட்டோ ரினியூ' போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். 2021 அக்டோபர் முதல், கார்டிலிருந்து தவணைதோறும் தானாகப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதிப்படி தனி ஒப்புதல் பதிவு வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால் பணம் போகாமலே நின்றுவிடும். மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுவது நல்லது; டாட் காம் முகவரியை அதிகபட்சம் 10 வருடம் வரை முன்கூட்டியே கட்டி வைக்கலாம். காலாவதி தேதி குழுவில் எல்லோருடைய போன் காலண்டரிலும் இருக்கட்டும்.

பேக்கப் என்று நினைத்து எடுப்பது

தளம் நடத்தப் பலரும் பயன்படுத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் 'எக்ஸ்போர்ட்' அழுத்தி ஒரு எக்ஸ்எம்எல் கோப்பை இறக்கிவிட்டு, பேக்கப் ஆயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கோப்பில் எழுத்து இருக்கும், படங்களின் முகவரி இருக்கும், படங்கள் இருக்காது. தளம் அழிந்தால் முகவரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முழு பேக்கப் என்றால் எழுத்தெல்லாம் இருக்கும் டேட்டாபேஸின் எஸ்கியூஎல் கோப்பும், படங்கள் இருக்கும் 'டபிள்யூபி கன்டென்ட்' கோப்புறை முழுவதும். இரண்டும் வேண்டும். அவை அதே ஹோஸ்டிங் கணக்குக்குள்ளேயே கிடந்தால் கணக்கோடு சேர்ந்து போய்விடும். மாதம் ஒரு முறையாவது வெளியே இறக்குங்கள்.

நம் பக்கத்துக்கென்று தனியாக ஒன்று. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் மாதிரிக் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று பென்டிரைவின் உலோக முனையை அரித்துவிடும். வருடம் கழித்துச் சொருகினால் கணினி கண்டுகொள்ளாது. ஹார்ட் டிஸ்க் என்றால் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இன்னொரு நகல் கிளவுடில், முடிந்தால் மதுரையிலோ பரமக்குடியிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். எடுத்த பேக்கப்பை ஒரு முறையாவது வேறு இடத்தில் ஏற்றி, தளம் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

முகவரியைத் தமிழிலேயே விடுவது

தமிழில் தலைப்பு வைத்தால் வேர்ட்பிரஸ் அதையே இணைப்பு முகவரியாக்கும். பார்க்க அழகு, பகிர்ந்தால் சிக்கல். ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாகும். ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. 'கி' என்பதில் 'க'வும் அதன் மேல் வரும் இகரக் குறியும் தனித்தனிக் குறிகள் என்பதால் 18. வேர்ட்பிரஸ் அனுமதிப்பது மொத்தம் 200; சுமார் 22 குறிக்குள் முகவரி வெட்டுப்படும். வாட்ஸப்பில் அனுப்பினால் சில நேரம் பாதியில் உடைந்து, இணைப்பு திறக்காது.

படத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாகப் போட்டு, பக்கத்தில் வருடத்தையும் சேருங்கள். வருடம் கட்டாயம். 'பில்லா' 1980லும் 2007லும் இருக்கிறது. 'விக்ரம்' 1986லும் 2022லும் இருக்கிறது. 'மாவீரன்' 1986லும் 2023லும் இருக்கிறது. பழைய முகவரிகளை மாற்றுவதானால் 301 திசைதிருப்பல் (பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) போட்ட பிறகே மாற்ற வேண்டும்.

பாமினியில் அடித்து ஒட்டுவது

வேண்டாம். பாமினி பழைய எழுத்துரு முறை; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஏற்றுங்கள்.

தியேட்டரின் குறையைப் படத்தின் தலையில் கட்டுவது

ராமேஸ்வரம் தீவிலிருந்து பஸ் ஏறி ராமநாதபுரம் வந்து படம் பார்த்துவிட்டு, இரவே 'வசனம் புரியவில்லை, ஒலிக்கலவை மோசம்' என்று எழுதுகிறார்கள். ஒலிக்கலவை செய்கிறவர்கள் தியேட்டரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டால்பி கருவியின் 7 என்ற அளவை வைத்துக் கலக்கிறார்கள். பல தியேட்டர்களில் அதை 5, 4.5 என்று இறக்கி ஓட்டுகிறார்கள். சத்தம் அதிகம் என்று பார்வையாளர் புகார் சொல்வார், ஸ்பீக்கர் போய்விடும் என்று பயம். 7லிருந்து 5க்கு இறக்கினால் ஆறேழு டெசிபல் குறையும். மெல்லிய வசனம்தான் முதலில் அமுங்கும். வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னே நடு ஸ்பீக்கரில் வருவது. அது பழுதானால் பின்னணி இசை மட்டும் கேட்கும்.

தலைகீழாகவும் நடக்கும். 2024ல் 'கங்குவா' வெளியானபோது சத்தம் காதைப் பிளக்கிறது என்று புகார் வர, ஒலியை 2 புள்ளி குறைக்கச் சொல்லியிருக்கிறோம் என்று தயாரிப்புத் தரப்பே அறிவித்தது. முதல் நாள் பார்த்தவரும் நான்காம் நாள் பார்த்தவரும் கேட்டது ஒரே ஒலி என்று சொல்ல முடியாது.

யாருடைய குறை என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. படம் தொடங்கும் முன்னும் இடைவேளையிலும் புகையிலை எச்சரிக்கைப் படம் வரும். அந்தக் குரல் நமக்கு மனப்பாடம். அதுவே மங்கலாகக் கேட்டால் அரங்கத்தின் குறை. அது தெளிவாக இருந்து படத்தின் வசனம் புரியாவிட்டால் ஒலிக்கலவையைப் பற்றி எழுதலாம். வெளிச்சத்துக்கும் இப்படித்தான். திரையில் இருக்க வேண்டிய ஒளி 14 ஃபுட் லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). விளக்கு பழையதானால் குறைந்துகொண்டே போகும். தொடக்கத்தில் கறுப்பில் வரும் பொறுப்புத் துறப்பின் வெள்ளை எழுத்தைப் பாருங்கள். அது பழுப்பாகத் தெரிந்தால் 'ஒளிப்பதிவு இருட்டு' என்று எழுதும் உரிமை உங்களுக்கு இல்லை.

எந்த வடிவத்தைப் பார்த்தோம் என்று குறிக்காதது

இப்போது படம் வெளியான வாரத்திலேயே வெட்டுகிறார்கள். 2024ல் 'இந்தியன் 2' வெளியான பிறகு 12 நிமிடம் குறைக்கப்பட்டது. முதல் நாள் விமர்சனத்தில் நீங்கள் குறை சொன்ன காட்சி அடுத்த வாரம் படத்திலேயே இல்லாமல் போகலாம். படிக்கிறவர் நீங்கள் கதை விடுவதாக நினைப்பார். தணிக்கைச் சான்றிதழ் திரையில் வரும் சில நொடிகளில் நிமிடக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். விமர்சனத்தின் அடியில் ஒரு வரி: பார்த்த தேதி, ஊர், தியேட்டரா ஓடிடியா, எத்தனை நிமிடம். யுஏ என்று மட்டும் எழுதுவதும் இப்போது பற்றாது. சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதைத்தான் முதலில் தேடுவார்கள்.

நமக்குத் தெரிந்ததை எழுதாமல் விடுவது

மீனவர் கதை ஒன்று வரும். நம் பிள்ளைகள் 'கடலோர மக்களின் வாழ்வை அப்படியே காட்டியிருக்கிறார்கள்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவரும் இதே வரியைத்தான் எழுதுவார். உங்களால் மட்டுமே சொல்லக்கூடியது எவ்வளவோ இருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். படத்தில் மே மாதத் திருவிழாவுக்கு முந்தின நாள் விசைப்படகு கடலுக்குப் போனால் அது எப்படி? பாம்பனில் வடகடல் என்றால் பாக் விரிகுடா, தென்கடல் என்றால் மன்னார் வளைகுடா. வாடைக் காற்றில் வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் பக்கம் தொழில் நடக்கும். படத்தில் புயல் எந்தக் கடலில்? கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள், பாறை கிழித்துவிடும் என்பதால். நடிகையின் விரல்களில் அந்தத் துணி இருந்ததா? இருந்தால் அந்த இயக்குநர் இங்கே வந்து பார்த்திருக்கிறார், அதைப் பாராட்டி எழுதுங்கள்.

ஆனால் விமர்சனத்தைப் பிழைப் பட்டியலாக்கிவிடக் கூடாது. தனுஷ்கோடியை வேறு ஊராகக் காட்டுவது சினிமாவில் சகஜம், அதனால் கதை கெடுவதில்லை. கதை எந்த உண்மையின் மேல் நிற்கிறதோ அதில் பிழை இருந்தால் மட்டும் விரிவாக எழுதுங்கள்.

வளைகுடாவிலிருந்து வந்த குரல்செய்தியை வைத்து எழுதுவது

அங்கே படம் பார்த்த நண்பர் சொன்னதை வைத்து எழுதாதீர்கள். நீங்கள் பார்க்காத படத்துக்கு விமர்சனம் கிடையாது.

படத்தைத் திட்டுவதும் ஆளைத் திட்டுவதும்

இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறு பற்றிய 356ஆம் பிரிவு, பொதுமக்கள் பார்வைக்கு வைத்த படைப்பை நல்லெண்ணத்தோடு விமர்சிக்க இடம் தருகிறது. அதில் உள்ள உதாரணமே நல்ல வழிகாட்டி: 'இவருடைய புத்தகம் அசட்டுத்தனமானது, இவர் பலவீனமான மனிதராக இருக்க வேண்டும்' என்று எழுதினால் பாதுகாப்பு உண்டு, 'இவர் பலவீனமானவர், ஒழுக்கம் கெட்டவர், அதனால் புத்தகம் இப்படி இருப்பதில் வியப்பில்லை' என்று எழுதினால் இல்லை. முதலாவது புத்தகத்திலிருந்து வந்த கருத்து. இரண்டாவதற்கு ஆதாரம் புத்தகத்தில் இல்லை. 'நடிப்பு ஒட்டவில்லை' என்பதோடு நிறுத்துங்கள். நடிகரின் குடும்பம், குடி, சாதி எதுவும் விமர்சனத்துக்குள் வரக் கூடாது.

திரையைப் படம் பிடிப்பது

ஒரு நொடி கூட வேண்டாம். தியேட்டரில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் அதே சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 2023 திருத்தத்தின்படி குறைந்தது 3 மாதம் சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம். 'ஸ்டேட்டஸுக்காக எடுத்தேன்' என்று விளக்கிக்கொண்டிருக்கும் நிலைமைக்குப் போகாதீர்கள். தயாரிப்புத் தரப்பு பத்திரிகைகளுக்குத் தரும் ஸ்டில் போதும். அகலம் 1200 பிக்சல், எடை 150 கேபிக்குள். அதையும் மற்றவர் தளத்திலிருந்து இணைப்பாக இழுக்காமல் உங்கள் தளத்திலேயே ஏற்றுங்கள். அவர்கள் கோப்பை நீக்கினால் உங்கள் பக்கத்தில் காலிக் கட்டம்தான் நிற்கும்.

நடுவில் மதிப்பெண் முறையை மாற்றுவது

ஐந்துக்கு என்று ஆரம்பித்தால் ஐந்துக்கே.

சத்தமில்லாமல் திருத்துவது

இசையமைப்பாளர் பெயரைத் தப்பாகப் போட்டிருப்பீர்கள், யாரோ சுட்டிக்காட்டுவார், மாற்றிவிட்டு அவர் கருத்தையும் நீக்கிவிடுவீர்கள். இரண்டாவது செயல்தான் வாசகர் நம்பிக்கையைக் குலைக்கிறது. கட்டுரையின் அடியில் 'திருத்தம்' என்று போட்டு, தேதி, முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள். படத்தைப் பற்றிய அபிப்பிராயமே இரண்டாவது முறை பார்த்தபோது மாறிவிட்டால் பழையதைத் தொடாதீர்கள். புதிய பக்கத்தில் எழுதி, இரண்டிலும் ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுங்கள்.