நைனாவோட மெடிக்கல் ஷாப்பை எடுத்து நடத்தப் போறவங்களுக்கு

வேலூர்ல ஒரே தெருவுல முப்பது நாப்பது வருஷமா மெடிக்கல் ஷாப் வெச்சிக்கினு இருக்கற வீடுங்க நெறைய, அங்கெல்லாம் இப்ப ஒரே பேச்சுதான், நைனாவுக்கு முட்டி வலி, நின்னுக்கினே இருக்க முடியல, அடுத்து கல்லாவுல யாரு. எங்க வீட்ல அண்ணன் சென்னையில ஐடி, டி.பார்ம், அதாவது பார்மசி டிப்ளமா, படிச்சது நான், அதனால கடை என் கைக்கு வந்துச்சு. ரேக்கு, பிரிட்ஜ், சரக்கு எல்லாம் ஒரே நாள்ல கைமாறிடும், ஆனா கஸ்டமருங்களப் பத்தி அவர் மண்டையில இருக்கறது மாறத்தான் நாளாகும், அதனால அவர் தெம்பா இருக்கறப்பவே வேலைய ஆரம்பிச்சிடுங்க.

மொதல்ல பேப்பர். மருந்து விக்கறதுக்கான பாரம் 20, 21 லைசென்ஸ் நைனா பேர்லயும் அந்த அட்ரஸ்லயும்தான் இருக்கும், நிலம் மாதிரி எழுதி வெச்சா உங்களுக்கு வந்துடாது, உங்க பேர்ல புதுசா அப்ளை பண்ணணும். பார்ட்னர்ஷிப்ல ஆளு மாறினா பழைய லைசென்ஸ் மூணு மாசம்தான் தாங்கும். லைசென்ஸ் தொடர்ந்து ஓட அஞ்சு வருஷத்துக்கு ஒரு தபா ரிடென்ஷன் பீஸ் கட்டணும், அந்த தேதிய செவுத்துல எழுதி வெச்சிடுங்க. நீங்க பி.காம் படிச்சிருந்தாலும் ஓனரா இருக்கலாம், ஆனா டாக்டர் சீட்டு பாத்து மருந்து குடுக்கறப்ப ரிஜிஸ்டர்டு பார்மசிஸ்ட் கடையில இருக்கணும். சர்டிபிகேட் செவுத்துல தொங்குது, அவரு வீட்ல படுத்துக்கினு இருக்காருன்னா அது சட்டப்படி செல்லாது, நெறைய பேர் அப்படித்தான் ஓட்றாங்கன்றது வேற விஷயம். கூடப் பொறந்தவங்க இருந்தா கடையில யாருக்கு இன்னா பங்குன்னு இப்பவே உக்காந்து பேசி எழுதிக்குங்க.

அடுத்து கணக்கு நோட்டு, இதுக்குத்தான் அதிக நேரம் வேணும். நைனா நோட்டுல முழுப்பேரே இருக்காது, "பென்ஷன் வாத்தியார்", "பால்கார அம்மா மருமவ" அப்படித்தான் இருக்கும். சாயங்காலம் கூட்டம் கொறஞ்சதும் ஒரு பக்கம் ஒரு பக்கமா கேளுங்க, யாரு ஒண்ணாம் தேதி தருவாங்க, யாருகிட்ட கேக்கவே கூடாது, யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்காது. கடைசியா சொன்னதுதான் முக்கியம், அத தனியா எழுதுங்க. "சின்னதா வெள்ளையா இருக்குமே, அந்த மாத்திரை குடும்மா"ன்னு ஒரு பாட்டி வந்தா நைனா மூஞ்சியப் பாத்தே எடுத்துக் குடுத்துடுவாரு, நீங்க அத ட்ரை பண்ணாதீங்க, பழைய அட்டைய எடுத்துக்கினு வரச் சொல்லுங்க.

அட்டை கத்திரிக்கறதயும் அவர்கிட்டயே பாத்து கத்துக்குங்க. பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் எந்த ஓரத்துல இருக்குதோ அதுக்கு எதிர்ப்பக்கத்துல இருந்து வெட்டிக்கினு வரணும், அப்பதான் மிச்சம் இருக்கற நாலு மாத்திரைக்கும் தேதி தெரியும். வாங்கினு போறவங்களுக்கு தேதிய கவர் மேல எழுதிக் குடுங்க. படிக்கத் தெரியாதவங்களுக்கு நைனா சூரியனும் நெலாவும் போட்டுத் தருவாரு, நானும் அதத்தான் பண்றேன், கம்ப்யூட்டர் பில்லு அவங்களுக்கு எதுக்கு?

நம்மூரு வெயிலு தெரியுமே, மே மாசம் 40 டிகிரிக்கு மேல போவும், 25 டிகிரிக்குக் கீழ வைன்னு அட்டையில போட்டிருக்கும். இன்சுலின் 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், ப்ரீசர்ல போடவே கூடாது, ஒரு தபா ஒறஞ்சிட்டா தூக்கிப் போட வேண்டியதுதான். பிரிட்ஜ்ல தெர்மாமீட்டர் வையுங்க, அம்மா மோர் பாட்டில வைக்க வேற பிரிட்ஜ் வாங்கிக் குடுங்க (எங்க கடையில பெரிய பஞ்சாயத்தே இதுதான்).

காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் கடைன்னா சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற பெங்கால், பங்களாதேஷ் ஆளுங்கதான் பாதி கூட்டம். காபார் ஆகே, காபார் பொரே, அதாவது சாப்பாட்டுக்கு முன்னாடி, பின்னாடி, பெங்காலியில இந்த ரெண்டு வார்த்தையாச்சும் தெரிஞ்சிருக்கணும். ஊருக்குப் போறப்ப ரெண்டு மூணு மாசத்துக்குச் சேத்து வாங்குவாங்க, கிட்ட எக்ஸ்பைரி இருக்கற அட்டைய அவங்க தலையில கட்டாதீங்க, காட்பாடியில ரயில் ஏறிட்டா திரும்பி வந்து மாத்த முடியாது. அந்த மாதிரி சரக்க தேதி முடியறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வெச்சி ஸ்டாக்கிஸ்ட்கிட்ட, அதான் நமக்கு மொத்தமா சரக்கு போடறவருகிட்ட, தள்ளி அந்தக் காசுக்கு கிரெடிட் நோட்டு வாங்கிடுங்க.

ஷெட்யூல் எச்1, அதாவது சீட்டு இல்லாம குடுக்கவே கூடாத, கணக்கு வெக்க வேண்டிய மருந்துங்க, அதுக்கான ரிஜிஸ்டர அன்னன்னைக்கே எழுதிடுங்க, டாக்டர் பேரு, பேஷண்ட் பேரு, மருந்து, எத்தன, மூணு வருஷம் வெச்சிருக்கணும். பதட்டத்துக்குக் குடுக்கற அல்பிரசோலம், வலிக்குக் குடுக்கற டிரமடால் எல்லாம் இதுல வரும். சீட்டு இல்லாம வந்து "இன்னாம்மா, உங்க நைனா இருந்தா கேள்வி கேக்காம குடுப்பாரு"ன்னு ஆரம்பிப்பாங்க. "உள்ளதான் இருக்காரு அங்கிள், கூப்டட்டுமா?"ன்னு கேளுங்க, போயிடுவாங்க.

நைனாவ ஒரேயடியா வீட்ல உக்கார வெச்சிடாதீங்க. சாயங்காலம் ஆறுல இருந்து ஒம்போது வரைக்கும் அவருக்கு ஒரு சேர் போடுங்க, பில்லிங்ல மட்டும் கை வைக்க விடாதீங்க, 2025 செப்டம்பர்ல முக்காவாசி மருந்துக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 ஆனப்ப பழைய சரக்கு கணக்க சாப்ட்வேர் இல்லாம சமாளிச்சிருக்கவே முடியாது. ஊருக்கெல்லாம் பிரஷர் மாத்திரை எடுத்துக் குடுக்கறவரு தன்னோடத மறந்துடுவாரு, அதயும் பாத்துக்குங்க. ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு மேல கடைய மூடுறதா இருந்தா போர்டுல எழுதிட்டு மூடுங்க, இல்லன்னா அவரு சாவிய எடுத்துக்கினு போய் தொறந்துடுவாரு.