வாங்கு போடுவதற்கு முன் பெரியம்மாவின் பின்னால் நடந்து பாருங்கள்

நான் போட்ட முதல் மூன்று வாங்குகளிலும் ஆடுகள்தான் படுத்திருந்தன. மட்டக்களப்புக் கல்லடியில், வாவியைப் பார்த்தபடி வார்த்த கொங்கிறீட் வாங்குகள், அதாவது பெஞ்சுகள். உள்ளூராட்சி வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்த காலம். வரைபடமும் அளவும் என்னுடையவை. ஊர்ப் பெரியவர்களோ இருபது யார் தள்ளி, வேம்பின் நிழல் விழும் மதகில் வழக்கம்போல வரிசையாக இருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "வாவியை எழுபது வருடமாகப் பார்த்துவிட்டோம் மகனே. வீதியில் யார் போகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?"

ஆகவே ஊரில் முதியவர்களுக்காக ஏதாவது செய்யப் புறப்படுகிறவர்கள் முதலில் வரைபடத் தாளை எடுக்க வேண்டாம். ஒரு சோக்குக் கட்டியை எடுங்கள். எழுபதைத் தாண்டிய ஒருவர் வழக்கமாகப் போகும் வழியில், சந்தைக்கோ கிளினிக்குக்கோ கோயிலுக்கோ, அவரோடு நடங்கள். அவருக்குப் பின்னால் நடக்க வேண்டும். முன்னால் போனால் உங்களுக்காக அவர் வேகத்தைக் கூட்டிவிடுவார். அவர் நிற்கும் இடங்களில் எல்லாம் ஒரு கோடு போடுங்கள். வாங்கு வர வேண்டிய இடம் அதுதான்.

நான் பெரியம்மாவோடு நடந்தேன். ஒழுங்கை முடக்கிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை முந்நூறு மீற்றர்கூட வராது; நான்கு முறை நின்றார். ஒரு முறை ஒரு வீட்டுப் படலையைப் பிடித்துக்கொண்டு, அந்த வீட்டுக்காரியோடு பேசுவதுபோல. வீட்டில் யாருமே இல்லை. மூன்றாவது முறை அவராக நிற்கவில்லை. வடிகான் மூடியில் தூக்குவதற்கென்று விட்ட ஓட்டைக்குள் கைத்தடியின் இறப்பர் நுனி இறங்கிவிட்டது. உருவி எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த மூடிக்கு அளவு கொடுத்தவனும் நான்தான். ஓட்டை பெருவிரல் நுழையாத அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும். மூடியும் நடைபாதை மட்டத்தில் இருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2007 இல் முதியோருக்கு உகந்த நகரங்களுக்கான வழிகாட்டியை வெளியிட்டபோது, 33 நகரங்களில் முதியவர்களிடமே கேட்டுத்தான் எழுதியது. வெளியிடங்கள், போக்குவரத்து, வீடு என்று தொடங்கி மருத்துவம் வரை அதில் எட்டுத் தலைப்புகள். நான் முதல் தலைப்பைத் தாண்டப் போவதில்லை. அதிலேயே அவ்வளவு பிழை விட்டிருக்கிறேன்.

வாங்கின் இருக்கை தரையிலிருந்து 45 சென்ரிமீற்றர் அளவில் இருக்கட்டும். நான் 35 வைத்தேன்; இருந்தவர் எழும்ப இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. சாய்மானம் வேண்டும். கைப்பிடி இருக்கையின் முன் விளிம்பு வரை நீள வேண்டும், ஏனென்றால் எழும்பும்போது அதை ஊன்றித்தான் எழும்புகிறார்கள். இருக்கைக்குக் கீழே வெற்றிடம் விடுங்கள். குதிகாலைப் பின்னுக்கு இழுக்க முடியாவிட்டால் எழும்ப முடியாது. நீங்களே கதிரையில் இருந்து, பாதங்களை முன்னுக்கு நீட்டிக்கொண்டு எழும்பிப் பாருங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள எங்கள் நிலத்தில் இரும்பு நிலைக்காது. கொங்கிறீட் சுடும். கால் கொங்கிறீட்டாக இருந்தாலும் மேலே பலகை போடுங்கள்.

நிழலைக் காலையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று வீசும் மாதங்களில் பின்னேரம் மூன்று மணிக்குப் போய் நில்லுங்கள். மேற்குப் பக்கத்தில் மரம் இல்லாத வாங்கில் இருட்டிய பிறகுதான் ஆள் இருக்கும். மாரியில் மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். கூரை போடுவதானால் அந்தப் பக்கத்தில் மறைப்பும் வேண்டும்.

படி இருக்கும் இடத்தில் சாய்வுப் பாதையும் வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விடுங்கள். இடம் போதாது என்று ஆறு அடியில் முடித்தால் அது சைக்கிள் ஏற்றத்தான் உதவும். மினுக்கிய தரை ஓடு ஒருபோதும் வேண்டாம். மலசலகூடம் பூட்டியிருந்தால், திறப்பு எந்தக் கடையில் என்று கதவில் எழுதி வையுங்கள்.

வீதியைக் கடப்பது தனிப் பாடு. மெதுவாக நடக்கும் ஒருவர் செக்கனுக்கு 0.8 மீற்றர்தான் போவார். எட்டு மீற்றர் வீதிக்குப் பத்துச் செக்கன். மணிக்கூட்டோடு நின்று, வாகனம் வராத இடைவெளி எவ்வளவு என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை உங்கள் கடிதத்தில் இருந்தால் யாரும் எளிதில் தட்டிவிட முடியாது. கல்முனைக்குப் போகும் பிரதான வீதி என்றால் கடிதம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. ஒழுங்கை என்றால் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ. இடம் மாறி அனுப்பியதால் என் கோப்பு ஒன்று ஒரு வருடம் தூங்கியது. ஊர் முதியோர் சங்கத்தின் பெயரில், கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு பிரதி வைத்து அனுப்புங்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

அனுமதி வந்த பிறகும் கொங்கிறீட் குழைக்க அவசரப்படாதீர்கள். சோக்குக் கோடு போட்ட இடத்தில் நான்கு பிளாஸ்டிக் கதிரைகளை ஒரு கிழமை வையுங்கள். நான் இரண்டாம் முறை அப்படித்தான் செய்தேன், வேம்புக்குக் கீழே, வாவியைப் பார்த்தபடியே, ஆசை விடவில்லை. ஏழாம் நாள் போனபோது மூன்று கதிரைகள் வீதிப் பக்கம் திரும்பியிருந்தன. நான்காவதைத் தேநீர்க் கடைக்காரர் கடைக்குள் எடுத்துப் போட்டிருந்தார்.