வடசென்னையில் வீட்டோடு தங்கிப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வருவோருக்கு

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பழைய சான்றிதழுக்கு நகல் வாங்கவும், ஆய்வுக்காக நூலகத்தில் உட்காரவும், பிள்ளைகளின் சேர்க்கை பற்றி விசாரிக்கவும் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் நம்மவர்கள், சேப்பாக்கத்தை ஒட்டியே அறை வேண்டும் என்று தேடத் தொடங்கி, திருவல்லிக்கேணி மேன்ஷனுக்கும் அண்ணா சாலையின் நட்சத்திர விடுதிக்கும் நடுவில் திண்டாடுவதைப் பார்த்துவருகிறேன். மேன்ஷன் என்பது தனியாக வந்து வேலை தேடும் ஆண்களுக்கென்றே அமைந்தது. குடும்பத்தோடு வருபவர்களுக்கு ஒத்துவராது. நட்சத்திர விடுதியில் இரண்டு வாரம் தங்கினால் செலவு கையைக் கடிக்கும். இவ்விரண்டுக்கும் மாற்றாக, வண்ணாரப்பேட்டை, இராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் வீட்டுக்காரர்கள் குடியிருந்துகொண்டே ஓரிரு அறைகளை விருந்தினருக்குக் கொடுத்து, காலை உணவும் தரும் இல்லங்களைத் தேடிப்பாருங்கள் என்பதே என் பரிந்துரை.

தூரத்தை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. விமான நிலையத்திலிருந்து வண்ணாரப்பேட்டை வரை ஓடிய மெட்ரோ ரயில், 2021 பிப்ரவரியில் திருவொற்றியூரைத் தாண்டி விம்கோ நகர் வரை நீண்டது. வண்ணாரப்பேட்டையில் ஏறினால் மண்ணடி, உயர் நீதிமன்றம், சென்ட்ரல் ஆகியவற்றைக் கடந்து நான்காவது நிலையமான அரசினர் தோட்டத்தில் இறங்கலாம். அங்கிருந்து வாலாஜா சாலை வழியாகக் கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டி நடந்தாலோ, வெயில் ஏறிவிட்டால் ஆட்டோ பிடித்தாலோ, காமராசர் சாலை முனையில் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம் கண்ணில் படும். இராயபுரத்தில் தங்குபவர்கள் கடற்கரை நிலையத்துக்கு வந்து பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்தில் இறங்குவது இன்னும் நேர்வழி. விமான நிலையத்திலிருந்தும் வண்டி மாறாமலே வண்ணாரப்பேட்டைக்கு வந்துவிடலாம். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும்.

ஆனால் 1857-இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகம் இன்று ஒரே இடத்தில் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. நிர்வாக அலுவலகமும் நூலகமும் சேப்பாக்கத்தில் உள்ளன. தமிழ்த் துறைகள் அதே கடற்கரைச் சாலையில் மெரினா வளாகத்தில் இயங்குகின்றன. அறிவியல் துறைகள் பல கிண்டியிலும் தரமணியிலும் இருக்கின்றன. உங்கள் வேலை கிண்டியிலோ தரமணியிலோ என்றால் வடசென்னையில் தங்குவது வீண் அலைச்சல். அதேபோல் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு வருபவர்கள், அது மாதவரம் பால் பண்ணைப் பகுதியில் இருப்பதால், பெரம்பூர் அல்லது மாதவரத்திலேயே வீடு பார்ப்பது நல்லது.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது படங்களைப் பார்த்து முடிவெடுக்காமல் வீட்டுக்காரரிடம் தொலைபேசியில் பேசுங்கள். முதல் கேள்வி, குடும்பம் அங்கேயே குடியிருக்கிறதா என்பதுதான். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்கல் திட்டமும், உரிமையாளர் அந்த வீட்டிலேயே வசிக்க வேண்டும், விருந்தினருக்கு ஆறு அறைகளுக்கு மேல் விடக்கூடாது என்றே வகுத்திருக்கிறது. சாவியை மட்டும் கொடுத்துவிட்டு உரிமையாளர் வேறெங்கோ இருக்கும் இடம், தண்ணீர் நின்றாலும் மின்சாரம் போனாலும் உங்களைத் தனியே விட்டுவிடும். அடுத்து, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தைக் குடியேற்ற அலுவலகத்துக்கு இணையவழியில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ‘சி படிவம்’ என்று பேர்போன இந்த நடைமுறையைக் கேட்டதும் வீட்டுக்காரர் மழுப்பினால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம். முகம் தமிழ் முகம் என்பதாலோ, பேசுவது தமிழ் என்பதாலோ இந்த விதியிலிருந்து யாருக்கும் விலக்குக் கிடையாது.

பெற்றோரை அழைத்துவருபவர்கள் அறை எந்த மாடியில், லிஃப்ட் உண்டா, கழிப்பறை வெஸ்டர்ன் வகையா, கீசர் வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பதில் தவறில்லை. இப்பகுதியின் பழைய வீடுகளில் படிகள் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும். தெருவும் முக்கியம். எண்ணூர் விரைவுச்சாலையை ஒட்டிய வீடுகளில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் இரவு முழுக்கக் கேட்கும், தூசியும் அதிகம். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தச் சாலையையும் மணலிப் பக்கத்தையும் தவிர்த்து, பழைய வண்ணாரப்பேட்டையின் உள்தெருக்களைப் பார்ப்பது நல்லது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் அருகில் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி போன்ற தாழ்வான இடங்களில் அப்போது முழங்கால் அளவு தண்ணீர் நின்றுவிடும் என்பதால், பயணத் தேதியை மாற்ற முடிந்தவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் வருவதே உத்தமம்.

வீட்டில் தண்ணீர் எப்படிப் புழங்குகிறது என்பதை முதல் நாளே கவனியுங்கள். பல வீடுகளின் வாசலில் இன்னும் அடிபம்பு நிற்கிறது. மெட்ரோ வாட்டர் வரும் வேளையில் பச்சையும் ஊதாவுமான பிளாஸ்டிக் குடங்கள் அதைச் சுற்றி வரிசை கட்டிவிடும், வீட்டுக்கார அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பம்படிக்கு ஓடுவார். அப்படிப் பிடித்துவைத்த தண்ணீரில் அரை மணி நேரம் ஷவரில் நின்று குளிப்பது நியாயமல்ல. வாளியும் மக்கும் போதும். குடிப்பதற்குக் கேன் தண்ணீரோ காய்ச்சி ஆறவைத்த தண்ணீரோ கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இத்தகைய வீடுகளின் உண்மையான சிறப்பு காலைச் சாப்பாட்டில் இருக்கிறது. ஏழரை மணிக்கெல்லாம் “நாஷ்டா ரெடி, வாங்கம்மா” என்று குரல் வரும். இட்லி ஆவி பறக்கத் தட்டில் விழும். பக்கத்தில் சட்னியோடு, இராயபுரத்து வீடானால், முந்தின நாள் வைத்த சங்கரா மீன் குழம்பும் இருக்கும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, புளியும் காரமும் மீன் துண்டுக்குள் இறங்கி நிற்கும் அந்தக் குழம்புக்கு எந்த விடுதியின் காலை உணவும் ஈடாகாது. போதுமானால் தட்டின் மேல் கையைக் குறுக்கே பிடித்துச் சொல்ல வேண்டும். வாயால் மட்டும் சொன்னால் இன்னும் இரண்டு இட்லி விழும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் முன்பதிவின்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மாறாக, சௌகார்பேட்டைப் பக்கம் ஜைனக் குடும்பங்களின் வீடுகளில் முட்டையைக்கூட உள்ளே கொண்டுபோகக் கூடாது.

வெளிநாட்டுப் பழக்கத்தில் வீட்டாரைப் பெயர் சொல்லி அழைத்துவிடாதீர்கள். விளம்பரத்தில் பெயர் இருந்தாலும் நேரில் அவர்கள் அம்மா, அக்கா, அண்ணா, ஐயாதான். வீட்டாருக்கு டிப்ஸ் கொடுப்பது அவர்கள் மனத்தைப் புண்படுத்தும். பாத்திரம் துலக்கவும் அறையைப் பெருக்கவும் வரும் பெண்ணுக்குத் தனியாக, கையில் கொடுப்பதே முறை. பூஜையறை, சமையலறை ஆகியவற்றுக்குள் அழைக்காமல் போக வேண்டாம். இரவு கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தாமதித்தால் யாரோ ஒருவர் தூங்காமல் காத்திருப்பார்.

பிளக் பற்றி ஒரு வார்த்தை: லண்டன், சிங்கப்பூர், மலேசியாவின் சதுர முள் பிளக் இங்கே பொருந்தாது, அடாப்டர் கையோடு இருக்கட்டும்.

பல்கலைக்கழகத்துக்குப் போகும் நாளில் அசல் சான்றிதழ்கள், கடவுச்சீட்டு, புகைப்படங்கள், இவை அனைத்தின் ஜெராக்ஸ் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்துக்கொண்டு, அலுவலகம் திறக்கும்போதே போய்ச் சேருங்கள். ஒரு கையெழுத்துக்காக மறுநாளும் வரச்சொல்லக்கூடும் என்பதால், திரும்பும் விமானத்துக்கு முன்பாக வேலை நாட்கள் சிலவற்றைக் காலியாக விட்டுவைப்பது அவசியம். மாலையில் நேரம் கிடைத்தால், 1856-இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களையும் திருவொற்றியூர் தியாகராசர் கோயிலையும் பார்த்துவரலாம்; பர்மா பஜார் பக்கம் இரவில் விற்கும் அத்தோ நூடுல்ஸையும் விட்டுவிட வேண்டாம்.

வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவிலோ விடியற்காலையிலோ புறப்படுகின்றன. அந்நேரத்தில் மெட்ரோ ஓடாது. ஆகவே வாடகைக் கணக்கை முந்தின நாள் மாலையிலேயே தீர்த்துவிட்டு, டாக்சியை முன்கூட்டியே பதிவுசெய்து, குறுகிய தெருவுக்குள் கார் வருமா, முனையிலேயே நிற்குமா என்று வீட்டுக்கார அண்ணனிடம் கேட்டு, அதற்கேற்பப் பெட்டிகளைக் கீழே இறக்கிவைத்துவிடுங்கள்.