டேவிட் லீன் படங்களை எங்கிருந்து தொடங்குவது? மலையகத்தில் இருப்பவர்களுக்கு

ஆங்கிலேய இயக்குநர் டேவிட் லீன் என்று கேட்டதும் எல்லாரும் 'லோரன்ஸ் ஒஃப் அரேபியா'வைத்தான் நீட்டுவார்கள். மூன்றரை மணித்தியாலத்துக்கும் மேலே ஓடுகிற பாலைவனப் படம், அதைச் சின்னப் போனில், அதுவும் சிக்னல் வந்து வந்து போகிற தோட்டத்துப் பக்கமிருந்து பார்த்தால் பாதியிலேயே வெறுத்துவிடும். அதைப் பின்னுக்கு வையுங்கள்.

முதலில் 1945இல் வந்த 'பிரீஃப் என்கவுண்டர்'. ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை. ஒரு ரயில் நிலையத் தேநீர்க்கடை, வேறு வேறு இடத்தில் கல்யாணமான இரண்டு பேர், அவ்வளவுதான். காட்சி எந்த இடத்தில் வெட்டப்படுகிறது என்று மட்டும் கவனியுங்கள், ஏனென்றால் லீன் அடிப்படையில் எடிட்டர். 1908இல் குரோய்டனில், பிள்ளையைச் சினிமா பார்க்கவே விடாத குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) குடும்பத்தில் பிறந்தவர், ஸ்டூடியோவில் தேநீர் கொடுக்கிற பையனாக நுழைந்து, கிளாப் அடித்து, செய்திப்படங்களை வெட்டி ஒட்டிப் பழகி, 1942இல்தான் நாடகாசிரியர் நோயல் கவர்டோடு சேர்ந்து முதல் படத்தை இயக்கினார்.

அப்புறம் டிக்கன்ஸ் கதைகள் இரண்டு எடுத்தார். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' போதும். தொடக்கத்தில் வரும் மயானக் காட்சிக்காகவே பார்க்கலாம்.

இனி நம்ம பக்கத்துப் படம். 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' (1957) இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கைதிகளை வைத்துப் போட்ட சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில் பாதை பற்றியது, ஆனால் அந்தப் பாலத்தைக் கட்டி வெடிவைத்துத் தகர்த்தது கித்துல்கலையில், களனி கங்கைக்குக் குறுக்கே. ஏழு ஒஸ்கார் கிடைத்தது. படத்தைப் பார்த்துவிட்டு அந்த இடத்துக்குப் போங்கள், போய்விட்டுப் பார்ப்பதில் சுவை குறைவு. ஹட்டனில் கினிகத்தேனை வழியாகப் போகிற கொழும்பு பஸ்ஸில் ஏறி, பாலம் எடுத்த இடம் என்று கண்டக்டரிடம் சொல்லிவைத்து இறங்கினால் சரி. பாலம் இல்லை, அதன் அடித்தளக் கொங்கிரீட்தான் மிச்சம். கித்துல்கலையில் மழை சும்மா விடாது, ஆறு பெருகியிருந்தால் கீழே இறங்க வேண்டாம்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். அந்த ரயில் பாதையில் செத்தவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள் மட்டுமில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே மாண்டார்கள், நம் முன்னோரைப் போலவே கங்காணி கூட்டிப்போய்க் கடல் கடந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான். படத்தில் அவர்களுக்கு இடமில்லை. கித்துல்கலையில் நின்று படம் பிடித்தவர்களுக்குக் கொஞ்சம் மேலே ஏறினால் அதே சனம் கொழுந்து பறிப்பது தெரிந்திருக்கும். லீன் பெரிய கலைஞர்தான், ஆனாலும் இதில் எனக்குக் கோபம் உண்டு.

இப்போது 'லோரன்ஸ்' (1962). பெரிய டீவி இருக்கிற வீடாகப் பார்த்து, இடைவேளை வரும் இடத்தில் நிறுத்தி, இரண்டு இரவாகப் பாருங்கள். தீக்குச்சியை ஊதி அணைத்ததும் பாலைவனச் சூரிய உதயம் வருகிற அந்த வெட்டு படத்தின் எடிட்டர் ஆன் கோட்ஸ் செய்தது.

'ரயன்ஸ் டோட்டர்' (1970) அவசரமில்லை. விமர்சகர்கள் அதை வாங்கு வாங்கென்று வாங்க, பதினான்கு வருஷம் படமே எடுக்காமல் இருந்தார். திரும்பி வந்து எடுத்த 'எ பாசேஜ் டு இந்தியா'வை (1984) விடாதீர்கள், எழுபத்தைந்து வயதுக்கு மேலே திரைக்கதையும் எடிட்டிங்கும் அவரே செய்தது. 'டொக்டர் ஷிவாகோ'வை நுவரெலியாக் குளிருக்கு ஒதுக்கிவைக்கலாம், அதில் வரும் ரஷ்யாவைப் பெரும்பாலும் ஸ்பெயினில்தான் எடுத்தார்கள் என்றாலும்.