செக்குமாடாய்ச் சுற்றும் மனதை நிறுத்த: ஒரு நோட்டும் பதின்மூன்றாம் சங்கீதமும்

யாங்கோனில் ராத்திரி கரண்டு போய் விசிறி நின்றுவிட்டால் கொசுவலைக்குள் தூக்கம் வராது, நினைப்புதான் வரும். மகனுக்குப் படையில் சேரச் சொல்லிக் கடிதம் வந்துவிடுமோ? நேற்று அவளிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாமோ? செக்குமாடு மாதிரி மனம் ஒரே வட்டத்தைச் சுற்றும். செக்கிலாவது எண்ணெய் வரும், இதில் அதுவும் இல்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மியான்மரில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 2024 பிப்ரவரியில் அமலுக்கு வந்த பிறகு, 18 முதல் 35 வயதுவரை உள்ள பையன் இருக்கும் வீட்டில் பயம் இருப்பது நோய் இல்லை. அது உண்மையான ஆபத்து, அதற்கு யோசனையும் முடிவும் தேவை. நாம் இங்கே பேசுவது, முடிவு எதுவும் எடுக்காமலே நூறாவது தடவை ஓடும் அதே நினைப்பைப் பற்றி.

நோட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் சாதாரண நோட்டு ஒன்றும் பேனாவும் போதும். போனில் எழுத வேண்டாம். எழுதத் திறந்த போன் ஐந்து நிமிடத்தில் ஃபேஸ்புக் செய்தியில் கொண்டுபோய் விடும். தினமும் ஒரே நேரம், ஒரே நாற்காலி, 15 நிமிடம். மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் மட்டும் வேண்டவே வேண்டாம், படுக்கை என்றாலே கவலை என்று மனம் பழகிவிடும்.

பகலில் நினைப்பு வந்தால் விரட்டாதீர்கள். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் வெளியிட்ட சோதனையில், வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று மாணவர்களிடம் சொன்னார்கள். கரடி திரும்பத் திரும்ப வந்தது. ஆகையால் ஒரு துண்டுச் சீட்டில் 'வாடகை', 'மகன்' என்று ஒரே சொல் எழுதி, "சாயங்காலம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுங்கள். தள்ளிப் போடுவது மனதால் முடிகிற காரியம், அழிப்பது முடியாது.

எந்த மொழியில் நினைப்பு வருகிறதோ அந்த மொழியிலேயே எழுதுங்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்து என்று வந்தால் பர்மியம்தான் கைக்கு வரும் என்பவர்கள் பர்மாத் தமிழரான நம்மில் நிறையப் பேர். பர்மியத்திலேயே இருக்கட்டும். செந்தமிழாக்க உட்கார்ந்தால் நினைப்பு தப்பிவிடும், வாக்கியம்தான் மிஞ்சும்.

இரண்டு பக்கம். நோட்டை விரித்து, இடது பக்கம் நினைப்பை அப்படியே எழுதுங்கள். அது பெரும்பாலும் 'ஏன்' என்று தொடங்கும்: "ஏன் என் பிழைப்பு இப்படி ஆனது?" இந்தக் கேள்விக்கு முடிவு கிடையாது. வலது பக்கம் அதையே 'என்ன, எவ்வளவு, யாரிடம், எப்போது' என்று மாற்றுங்கள்: "இந்த மாத வாடகைக்கு எவ்வளவு குறைகிறது? வீட்டுக்காரரிடம் எந்த நாள் பேசுவது?" அடுத்த 24 மணி நேரத்துக்குள் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலை வலது பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்று எழுதினால் ஒன்றும் நடக்காது. செய்வதற்கு எதுவும் இல்லாத வரிக்கு ஒரு சிலுவைக் குறி போடுங்கள். அது ஜெபத்துக்குப் போக வேண்டிய வரி.

ஜெபம். விசுவாசிகள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அரை மணி நேரம் முழங்காலில் நின்று அதே புகாரையே சுற்றிச் சொல்லிவிட்டு, முன்னைவிடக் களைத்து எழுந்தால், செக்கு முழங்காலில் நின்று சுற்றியிருக்கிறது, அவ்வளவுதான். வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எலியா தீர்க்கதரிசி 10ஆம் வசனத்தில் சொன்ன முறையீட்டையே 14ஆம் வசனத்திலும் சொல்கிறார்: நான் ஒருவன்தான் மீதி. கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முன்னமே இரண்டு தடவை அப்பமும் தண்ணீரும் கொடுத்து, நடுவில் தூங்கவும் விட்டிருந்தார். இப்போது போக வேண்டிய ஊரையும் சந்திக்க வேண்டிய ஆட்களின் பெயரையும் சொல்கிறார். கடைசியில் கணக்கைத் திருத்துகிறார்: ஒருவன் அல்ல, ஏழாயிரம் பேர்.

ஜெபத்துக்கு அளவு வேண்டுமென்றால் சங்கீதம் 13 இருக்கிறது. ஆறே வசனம். "என் ஆத்துமாவிலே ஆலோசனைபண்ணிக்கொண்டிருப்பேன்" என்று நம்முடைய நோயையே அது பெயர் சொல்லி அழைக்கிறது. முதல் இரண்டு வசனம் முறையீடு, அடுத்த இரண்டு விண்ணப்பம், கடைசி இரண்டு நம்பிக்கை. சிலுவைக் குறி போட்ட வரியை இதே அளவில், பகுதிக்கு இரண்டு வாக்கியமாக எழுதி, வாய்விட்டு வாசியுங்கள். முறையீடு மூன்றாவது வாக்கியத்துக்குப் போனால் பேனாவை வைத்துவிடுங்கள். நம்பிக்கைப் பகுதியில் வராத சந்தோஷத்தை வரவழைக்க வேண்டாம். முன்பு நடந்த ஒரு உதவியை மாதம், வருஷத்தோடு எழுதினால் போதும். எல்லாம் ஐந்து நிமிடம். பிறகு எழுந்து வலது பக்கத்து வேலைக்குப் போங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள். பிலிப்பியர் 4:6இல் 'கவலைப்படாமல்' என்ற சொல்லோடு நின்றுவிட்டால் அது திட்டு மாதிரிக் கேட்கும். அப்புறம் கவலைப்படுவதைப் பற்றியே ஒரு கவலை. அந்த வசனத்தின் பாரம் மீதிப் பாதியில் இருக்கிறது: தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்.

தூக்கமும் சாப்பாடும் குறைந்திருக்கும்போது உபவாசம் வேண்டாம். எலியாவுக்குக் கிடைத்தது அப்பம். படுத்து ஏறக்குறைய 20 நிமிடம் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள், போனைத் தொடாமல்.

தேவதூஷணமான எண்ணம் தானாக வந்து விழுந்து, "மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேனோ" என்று தினமும் பத்துத் தடவை அறிக்கை செய்கிறவர்களுக்கு இந்த நோட்டு போதாது. திரும்பத் திரும்ப அறிக்கையிடுவதும், போதகரிடம் ஓடி ஓடி உறுதி கேட்பதும் அந்த நோய்க்குத் தீனி. அதற்கு மனநல சிகிச்சை உண்டு.

விசுவாசம் குறைந்ததால்தான் இப்படி என்று யாராவது சொன்னால் அமெரிக்க மிஷனரி அடோனிராம் ஜட்சனை நினைவுபடுத்துங்கள். 1813இல் ரங்கூனுக்கு (இன்றைய யாங்கோனுக்கு) வந்து பர்மிய வேதாகமத்தைத் தந்தவர். 1826இல் மனைவியும் அடுத்த வருஷம் குழந்தையும் இறந்தபின் காட்டில் குடிசை போட்டார். பக்கத்தில் ஒரு குழி வெட்டி, அதன் ஓரத்தில் உட்கார்ந்து தன் சாவையே யோசித்துக்கொண்டிருந்தார். பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை அவர் முடித்தது அதற்குப் பிறகு, 1834இல்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் துக்கமும் தூக்கமின்மையும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். யாங்கோனில் மனநல மருத்துவமனை இருக்கிறது. அங்கே போனால் பைத்தியம் என்பார்கள் என்ற பயத்தில் நாள் கடத்த வேண்டாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அந்த ராத்திரி தனியாக இருக்கவே கூடாது. நம்பிக்கையான ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விடிந்ததும் மருத்துவரிடம் போங்கள்.

மூன்றாவது வாரம் நோட்டைத் திருப்பிப் படியுங்கள். வலது பக்கத்தில் முடிந்த வேலைகளை எண்ணுங்கள். இடது பக்கத்தில் ஒரே வரி பத்து நாளுக்கு மேல் வந்திருந்தால், போதகரிடம் போகும்போது அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப்போங்கள்.