ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் எரியலையா?

உடனே மெக்கானிக்கிட்ட ஓடாதீங்க. நிறைய சின்ன கார்ல இருக்குறது எச்4 பல்பு தான், 12 வோல்ட், 60/55 வாட்ஸ் (ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55). லைட்டை ஆஃப் பண்ணி, சூடு ஆறினதும் பின்னாடி மூணு பின் சாக்கெட்டை உருவி, ரப்பர் மூடியைக் கழட்டி, கிளிப்பை நெம்புனா பல்பு கையோட வந்துடும். நல்லா எரியுற பக்கத்து பல்பை இதுல மாட்டிப் பாருங்க, எரிஞ்சா பல்பு தான் அவுட், எரியலைன்னா ஃபியூஸையும் சாக்கெட்டையும் பாருங்க. என் வண்டியில சாக்கெட்ல ஒரு பின் கருகி பிளாஸ்டிக்கே உருகியிருந்துச்சு, பல்பு பாவம் நல்லாத்தான் இருந்துச்சு! புது பல்போட கண்ணாடியை மட்டும் விரலால தொடாதீங்க, எண்ணெய்ப்பசை பட்ட இடம் சூடேறி சீக்கிரமே போயிடும். வெளிச்சம் பத்தலைன்னு 100/90 வாட்ஸ் போட்டா ஒயர் தாங்காது.