பொம்பெயிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் ரோமிலிருந்து பஸ்ஸில் வந்து, இரண்டு மணி நேரத்தில் பொம்பெயியை முடித்துவிட்டு, மதியம் வெசுவியஸ் மலை, சாயங்காலம் சொரெண்டோ என்று திட்டம் போடுகிறார்களே, அதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இந்த அவசரத்தில் வருபவைதான். இது ஒரு கோயிலோ கோட்டையோ இல்லை, இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்தில், வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது புதைந்துபோன ஒரு முழு ரோமானிய ஊர். சுமார் 66 ஹெக்டேர், அதாவது 160 ஏக்கருக்கு மேல், அதிலும் மூன்றில் ஒரு பங்கை இன்னும் தோண்டவே இல்லை. தோண்டிய வரைக்கும் ஓரளவு நிதானமாகப் பார்க்கவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். அரை நாள்தான் இருக்கிறது என்றால் அதே வெடிப்பில் புதைந்த பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்துக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். அது சின்ன இடம், மாடி வீடுகள் நிற்கின்றன, கரியாகிப்போன மரக்கதவும் உத்தரமும் கூட அப்படியே இருக்கின்றன.

அவசரமாக வருகிறவர்கள் போர்ட்டா மரினா வாசலில் நுழைவார்கள், ஃபோரம் சதுக்கத்தில் படம் எடுப்பார்கள், பழைய விலைமாதர் விடுதிக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள், திரும்பிவிடுவார்கள். கிழக்குக் கோடியிலுள்ள ஆம்ஃபிதியேட்டர் என்ற வாட்சண்டை அரங்கம் வரைக்கும் போகிறவர்கள் குறைவு. கல்லால் கட்டி இன்றைக்கும் மிஞ்சியிருக்கும் ரோமானிய ஆம்ஃபிதியேட்டர்களில் அதுதான் மிகப் பழையது. கி.பி. 59-இல் பொம்பெயிக்காரர்களும் பக்கத்து ஊரான நூக்கேரியாக்காரர்களும் அங்கே வெட்டிக்கொண்டார்கள், அதனால் பத்து வருடம் அந்த ஊரில் விளையாட்டே கூடாது என்று ரோமில் தடை போட்டார்கள்.

அங்கே போகும் அபொந்தான்சா வீதியை வேகமாகக் கடந்துவிடாதீர்கள், இந்த ஊரில் எனக்கு மிகப் பிடித்த இடமே அதுதான். வண்டிச் சக்கரம் ஓடி ஓடிக் கருங்கல் தளத்தில் ஆழமாகத் தடம் விழுந்திருக்கும். தெருவைக் கடக்கப் போட்ட உயரமான கற்களுக்கு நடுவே சக்கரம் போகச் சரியாக இடம் விட்டிருக்கிறார்கள். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பாருங்கள், குழாய்க்கு இரண்டு பக்கமும் கல் வழவழவென்று தேய்ந்திருக்கும், தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் கையூன்றிக் குனிந்து குடித்த தேய்மானம் அது. ரொட்டிக் கடைகளில் மாவரைக்கும் பெரிய எரிமலைக்கல் திரிகைகளும் பக்கத்திலேயே அடுப்பும் நிற்கின்றன.

எரிமலைக் குழம்பு ஓடிவந்து ஊரை மூடியது என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கி.பி. 79-இல் முதலில் மணிக்கணக்காக நுரைக்கல் மழை பெய்தது, கூரைகள் இடிந்து விழுந்தன, அப்புறம்தான் கொதிக்கும் சாம்பலும் வாயுவும் புயல் மாதிரி வந்து மிச்சமிருந்தவர்களைக் கொன்றன. அதற்குப் பதினேழு வருடம் முன்பு, 62 வாக்கில், ஒரு பெரிய நிலநடுக்கம் வந்திருந்தது. சில கட்டடங்களில் அந்தப் பழுதுபார்ப்பே முடியவில்லை, அதனால் அரைகுறையாக நிற்பதை எல்லாம் எரிமலையின் கணக்கில் எழுதக் கூடாது. 1943-இல் நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டுகளும் சேதம் செய்திருக்கின்றன.

கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கும் உருவங்களைக் கல்லாய்ப்போன மனிதர்கள் என்றும், வெறும் பொம்மைகள் என்றும் பேசிக்கொள்வார்கள், இரண்டும் இல்லை. உடல் மக்கியபின் இறுகிய சாம்பலுக்குள் உடலின் வடிவத்திலேயே வெற்றிடம் மிஞ்சியது. 1863-இல், இங்கே தோண்டும் பணிக்குத் தலைவராக இருந்த ஜுசெப்பே ஃபியோரெல்லி அதற்குள் ஜிப்சச் சாந்து ஊற்றி உருவத்தை எடுத்தார். பல உருவங்களுக்குள் எலும்புகள் இன்னும் இருக்கின்றன. முகத்தை மூடிக்கொண்டு செத்துப்போன ஒருவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுப்பதை தயவுசெய்து தவிருங்கள்.

வெயில் காலத்தில் நடுப்பகலில் நுழையாதீர்கள், நிழல் மிகக் குறைவு. செருப்பு வேண்டாம், நல்ல பிடிப்புள்ள ஷூ போடுங்கள், அந்தக் கல் தளம் மேடும் பள்ளமுமாக இருக்கும். தெருக் குழாய்களில் குடிதண்ணீர் வரும், காலி பாட்டில் போதும். பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஒரு நாளைக்கு 20,000 பேர்தான் என்று 2024 நவம்பரில் வரம்பு வைத்துவிட்டதால் முன்பதிவு செய்வதே நல்லது. மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், கூட்டத்தையும் கேட்க வேண்டாம். வில்லா தெய் மிஸ்தேரி என்ற பழைய மாளிகை ஊர் மதிலுக்கு வெளியே இருக்கிறது, அந்தச் சிவப்புச் சுவரோவியங்களைப் பார்க்க வேண்டுமென்றால் மலிவான டிக்கெட்டை எடுத்துவிடாதீர்கள். நேப்பிள்ஸிலிருந்து ரயிலில் வந்தால் சொரெண்டோ தடத்தில் ஏறி, ‘பொம்பெயி ஸ்காவி’ என்ற நிலையத்தில் இறங்குங்கள். பொம்பெயி பெயரில் வேறு நிலையங்களும் உண்டு.

சுவரோவியத்தைத் தொடாதீர்கள், ஞாபகத்துக்கு என்று ஒரு சின்னக் கல்லைக்கூடப் பையில் போடாதீர்கள். கல்லை எடுத்துப்போய், பிறகு மனசு உறுத்தி மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் எந்தச் சுவரிலிருந்து வந்தது என்று தெரியாத கல்லை எங்கே வைப்பது?

அப்புறம், பொம்பெயியோடு நிறுத்திவிடுவதும் தவறுதான். பொம்பெயியில் ‘ஃபான் வீடு’ என்ற பெரிய மாளிகையின் தரையில் நீங்கள் பார்க்கும், சின்னச் சின்னக் கற்களைப் பதித்த அலெக்சாண்டர் மொசைக் ஓவியம் நகல், அசல் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நல்ல ஓவியங்கள், பாத்திரங்கள், கரியான ரொட்டி என்று பலவும் அங்கேதான். இந்தியாவிலிருந்து போய்ச் சேர்ந்து, 1938-இல் இந்த ஊரில் கிடைத்த சின்னத் தந்தப் பெண் சிலையும் அங்கே உண்டு. செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, அன்றைக்குப் பொம்பெயியை வைத்துக்கொண்டு அடுத்த நாள் அங்கே போங்கள்.